பத்தாம் நிலையத்துக் கடிகாரம்

தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் வாங்குகிற தமிழ்ப் பெண் ஒருத்தியைத்தான் என் ஆயுளில் பார்த்திருக்கிறேன்.

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம்மூர்ச் சாமான் கிடைக்கிற கடை ஒன்று உண்டு. கடைக்காரர் பாலக்காட்டுப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் பாதி தில்லித் தமிழர்களை அங்கே பார்த்துவிடலாம். என் மனைவி ஒரு தேங்காய் எடுப்பதென்றால் காதில் வைத்து ஆட்டுவாள், விரலால் சுண்டுவாள், கண் ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பாள், நாலைத் தள்ளிவிட்டு ஐந்தாவதை எடுப்பாள். நான் சொல்கிற இந்தப் பெண் வந்து நிற்பாள். “நல்லா இருக்குமுங்களா?” என்று கேட்பாள். “ஃபஸ்ட் கிளாஸ், கொண்டு போ மோளே” என்பார் அவர். “சரிங்க” என்று பைக்குள் போட்டுக்கொள்வாள். முடிந்தது வியாபாரம்.

“என்ன புள்ள நீ! விக்கிறவன் என்னைக்கு அழுகல்னு சொல்லிருக்கான்?” என்று நான் கத்துவேன்.

“அவருதான் நல்லாருக்குன்னு சொல்றாரில்லங்ணா” என்பாள்.

நாலைந்து மாதத்தில் என்ன ஆயிற்று என்றால், அவள் தூரத்தில் வருவதைப் பார்த்ததுமே அந்த மனிதர் தேங்காய்க் குவியலைக் கிளறித் தானே தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவளுக்குப் போன தேங்காய் அழுகியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்ததில் பத்துக்கு ரெண்டு அழுகல். என் மனைவிக்கு அதில் ஆற்றாமை.

அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்று பின்னால் தெரியும்.

ஈரோட்டுப் பக்கத்துப் பெண். தெற்கு தில்லியில் நாங்கள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பிஎச்.டி. செய்ய வந்தவள். நான் தூத்துக்குடிக்காரன், எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, அங்கே ஒப்பந்தத்தில் இருந்த டெக்னீஷியன். அவளைவிடப் பத்து வயது மூத்தவன். முனிர்காவில் எங்கள் வீடு ஒரு சந்தில், அவள் அறை அடுத்த சந்தில். மூச்சுக்கு முந்நூறு ‘ங்ணா’ போடுவாள். எங்கள் ஊரில் ஒருத்தரை அண்ணன் என்று கூப்பிட்டால் அதற்குப் பிறகு அவரிடம் சண்டை போடுகிற உரிமை வந்துவிடும். அவளிடம் அது இல்லை. கூப்பிட்டது கூப்பிட்டபடியே கடைசி வரை நம்பினாள்.

அவள் செய்த ஆராய்ச்சியை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நாம் நிற்கிற பாறைத் தட்டு வடகிழக்கு எல்லையில் பர்மாவுக்கு அடியில் சரிந்து இறங்குகிறது. எவ்வளவு ஆழம் போகிறது, எந்தச் சாய்வில் போகிறது, முழுசாகப் போகிறதா, நடுவில் எங்கேயாவது கிழிந்திருக்கிறதா, இதையெல்லாம் தோண்டிப் பார்க்க முடியாது. ஆனால் உலகத்தில் எங்கேயாவது ஒரு நிலநடுக்கம் வந்தால் அதன் அலை பூமிக்குள்ளேயே ஓடி நம் கருவி வரைக்கும் வந்து சேரும். இறங்குகிற தட்டு குளிர்ந்தது, கெட்டியானது. அதற்குள் புகுந்து வருகிற அலை கொஞ்சம் முந்தி வரும். சூடான இடம் வழியாக வருவது பிந்தும். முந்துவதும் பிந்துவதும் ஒரு நொடி, அரை நொடி. அந்த அரை நொடிகளைச் சேர்த்து வைத்துத்தான் கீழே இருக்கிற தட்டின் உருவத்தை வரைவார்கள். இதற்காக மலைகளுக்குக் குறுக்கே ஒரே கோட்டில் பத்து இடங்களில் கருவி வைத்திருந்தோம். வருஷத்துக்கு இரண்டு தடவை போய் மெமரி கார்டை மாற்றி, கருவியைச் சரிபார்த்து வருவது என் வேலை.

“தேங்காயத் தட்டத் தெரியாதவ பூமியத் தட்டிப் பாக்க வந்துட்டா” என்று கேலி செய்வேன்.

“நான் எங்கங்ணா தட்டறேன். அதுவாத் தட்டிக்குது. நான் காத மட்டும் குடுக்கறேன்” என்பாள்.

மனிதர்களிடம் இப்படி இருந்தவள் மெஷினிடம் எப்படி இருப்பாள் என்கிறீர்கள்? அங்கே அவள் வேறு ஆள். அலை வந்த நொடியைக் கம்ப்யூட்டர் தானாகவே குறித்துக் கொடுக்கும். மற்ற மாணவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். இவள் ஒவ்வொன்றையும் திரையில் பெரிதாக்கிக் கையால் குறிப்பாள். திங்கட்கிழமை குறித்ததை மூடி வைத்துவிட்டு வியாழக்கிழமை மறுபடி குறிப்பாள். இரண்டும் ஒத்து வந்தால்தான் அந்த எண் அவள் நோட்டுக்குள் போகும். ஆயிரக்கணக்கான கோடுகள் அப்படி. கண் சிவந்துபோய் உட்கார்ந்திருப்பாள்.

“அதான் கம்ப்யூட்டரே சொல்லுதே. பிறகு என்னத்துக்கு இந்தப் பாடு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மெஷினுக்கு மானம் ரோசம் இல்லீங்ணா. தப்பாச் சொல்லிப்போட்டு அது பாட்டுக்கு இருக்கும். ஆளு அப்படி இருக்க முடியாதில்ல.”

இந்த வார்த்தை எனக்குச் சொன்னது. எனக்கே சொன்னது!

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. தில்லியில் பிறந்த பிள்ளை, வாயைத் திறந்தால் இந்திதான். இவள்தான் அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தாள். எழுதச் சொல்லிவிட்டு என் மனைவியோடு பேசிக்கொண்டிருப்பாள். ஒரு சனிக்கிழமை என் மகள் ஒரு எழுத்துகூட எழுதாமல் ரப்பரைக் கடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

“எழுதிட்டியா கண்ணு?” என்று இவள் கேட்டாள்.

“ஹாங் ஆண்ட்டி. சப் லிக் லியா.” எல்லாம் எழுதிவிட்டாளாம்.

“அப்ப சரி கண்ணு” என்று நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் பார்த்தால் என் மகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அத்தனை எழுத்தையும் எழுதிக்கொண்டிருக்கிறாள். டிவிகூட ஓடவில்லை.

“என்னடி அதிசயமா இருக்கு? யாரு எழுதச் சொன்னா?”

“யாரும் சொல்லல பப்பா. ஆண்ட்டி செக்கே பண்ணல. முஜே அச்சா நஹீ லகா.”

ஆறு வயசுப் பிள்ளைக்கு அச்சா நஹீ லகா, மனசுக்குச் சரியாகப் படவில்லை. அதே வீட்டில் அதே சோற்றைத் தின்கிற நாற்பது வயசுக்காரனுக்கு அப்படித் தோன்றவில்லை.

அவளைப் பற்றி நல்லதாக ஒன்றாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். நாற்காலி லேசாக உதறியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பக்கத்தில் யாரோ மேசையை இழுக்கிறார்கள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்று “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ண ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மாடி முழுக்க ஒரே கூச்சல். “பூகம்ப்! பாஹர் நிக்லோ, ஜல்தி!” எல்லாரும் படியில் விழுந்தடித்து ஓடினோம். அவளும் ஓடினாள், எண்ணுவதை நிறுத்தாமல். “எழுவத்தி ஒம்போது, எண்பது.” நானோ கையில் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று ஓடுகிறேன். புல்வெளிக்கு வந்து நின்ற பிறகு, நூற்றுச் சொச்சத்தில், தரை தொட்டில் மாதிரி மெதுவாக ஆடியது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவ்வளவு சந்தோஷம்.

“வந்துருச்சுங்ணா, ரெண்டாவது அலை! ஆப்கானிஸ்தான் பக்கமாத்தான் இருக்கும். நல்ல ஆழத்துல. அங்கயும் ஒரு தட்டு உள்ள எறங்குது.”

வாட்ச்மேன் அவளைப் பைத்தியம் என்றே முடிவு செய்திருப்பார். ஒரு மணி நேரத்தில் செய்தியில் சொன்னார்கள். அவள் சொன்ன இடமேதான். முதல் அலைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் எத்தனை நொடி என்று எண்ணினால் தூரம் தெரிந்துவிடுமாம். எங்கள் துறைத் தலைவர் அன்றைக்கு எல்லார் முன்னாலும் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். இந்தப் பெண் எங்கேயோ போகப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தோம். நானும் மனசார நினைத்தேன், அதில் பொய் இல்லை.

இனிமேல் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கருவிக்கு நேரம்தான் உயிர். கருவியோடு சேர்ந்த கடிகாரம் செயற்கைக்கோளிடம் நேரம் வாங்கித் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். அதற்கு வெளியே ஒரு கம்பத்தில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஆன்டெனா வைத்திருப்போம். அதற்கு வானம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். கடிகாரம் பின்தங்கினால், சரியான நேரத்துக்கு வந்த அலையும் முந்தி வந்ததாகப் பதிவாகும். எங்களிடம் இருந்தது பழைய பெட்டி. கடிகாரம் சரியாக இருந்ததா என்பதை அது எங்கேயும் எழுதி வைக்காது. நேரில் போகிறவன் பச்சை விளக்கைப் பார்த்து, கையில் இருக்கிற நேரத்தோடு ஒப்பிட்டு, தாளில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

அந்தத் தடவை ஒன்பது நிலையங்களை முடித்துவிட்டேன். பத்தாவது, முந்தின தடவைதான் புதிதாக வைத்தது, ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் பின்னால் இருந்தது. ஜீப் போகிற இடத்திலிருந்து ரெண்டு மணி நேரம் நடந்து ஏற வேண்டும். நல்ல மழை. ஒரு பெரிய காரணம் இருந்திருந்தால் இப்போது சொல்ல எவ்வளவு வசதியாக இருக்கும்! பிள்ளைக்குக் காய்ச்சல், அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று ஏதாவது. ஒன்றும் இல்லை. மழை, அட்டைப்பூச்சி, முழங்கால் வலி, சோம்பேறித்தனம். சவத்துக்குப் பிறந்த சோம்பேறித்தனம். அங்கே கருவியைப் பார்த்துக்கொள்கிற பள்ளி ஆசிரியருக்குப் போன் செய்தேன். “மாஸ்டர்ஜி, லைட் எரியுதா?” என்று இந்தியில் கேட்டேன். எரிகிறது என்றார். எந்த விளக்கு என்று நான் கேட்கவில்லை. கார்டை மாற்ற அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். கழற்றிக் கொண்டுவரச் சொன்னேன். அந்த மனிதர் நனைந்துகொண்டே இறங்கி வந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய கார்டைக் கொடுத்தார். நான் ஜீப்புக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி ஏறிப் போனார். நான் தாளை எடுத்தேன். ஒன்பது வரிசை நிரம்பியிருந்தது. பத்தாவது காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது. ‘கடிகாரம் சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மீதி டீயைக் குடித்தேன்.

தில்லிக்கு வந்ததும் அவள் தாளை வாங்கிப் பார்த்தாள்.

“பத்தாவதுல கடிகாரம் பாத்தாச்சுங்களாண்ணா?”

“பாத்தாச்சும்மா.”

“சரிங்ணா.”

மூன்று வாரம் கழித்து ஓடி வந்தாள். பத்தாவது நிலையத்தில் அலைகள் முந்தி வருகின்றன. எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி இல்லை. ஒரு நாட்டிலிருந்து வருவது கால் நொடி முந்துகிறது, வேறு நாட்டிலிருந்து வருவது ஒரு நொடி முந்துகிறது. அப்படியென்றால் அந்த இடத்துக்குக் கீழே தட்டு யாரும் எதிர்பார்க்காத மாதிரி செங்குத்தாகத் திரும்பியிருக்க வேண்டும். அவள் திங்கட்கிழமை குறித்தாள், வியாழக்கிழமை குறித்தாள், இன்னொரு வாரம் விட்டுக் குறித்தாள். அத்தனை தடவையும் ஒத்து வந்தது. வராமல் என்ன செய்யும்? அவள் குறித்ததில் தப்பே இல்லையே.

அந்த மாதம் முழுக்க அவள் தரையில் நடக்கவில்லை. தலைவர் அதைத்தான் ஆய்வேட்டின் முக்கியமான பகுதியாக வைக்கச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தாள். “உங்களுக்குத்தாங்ணா முதல்ல. மழையில ஏறிப் போயி எடுத்துட்டு வந்தது நீங்கதான” என்றாள். நான் நாலு துண்டு தின்றேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி போனபோது வெயில் அடித்தது, ஏறினேன். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகத் தகரத்தில் தாழ்வாரம் இறக்கியிருந்தார்கள். ஆன்டெனா வைத்த கம்பம் அந்தத் தகரத்துக்கு அடியில் நின்றது. ஓரத்தில் ஒரு முழம் வானம் தெரியும், அவ்வளவுதான். என்றைக்காவது அந்த இடுக்கு வழியாகக் கொஞ்சம் நேரம் கிடைத்தால் கடிகாரம் தன்னைத் திருத்திக்கொள்ளும், மற்ற நாட்களில் பின்தங்கும். ஆசிரியர் பெருமையாகச் சிரித்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு முன்னால் நின்றார், போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன். “இது எப்ப போட்டது மாஸ்டர்ஜி?” என்று கேட்டேன். “போன வருஷம்தான். நீங்க வந்துட்டுப் போனீங்களே, அந்த வாரமே” என்றார். நான் போன தடவை வரவில்லை. அவர் சொன்னது அதற்கு முந்தின தடவை. ஆக ஒரு வருஷம். அவள் கண்ட தட்டு பூமிக்குள் இல்லை, தகரத்துக்குள் இருந்தது.

ஆன்டெனாவைக் கழற்றி வெளியே வேறு கம்பத்தில் கட்டினேன். தில்லி வருகிற வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும், போனதும் சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் பாடம் பண்ணிக்கொண்டே வந்தேன். ஒப்பந்தத்தை அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டும். பொய்க் கையெழுத்து என்று தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தில்லியில் இறங்கியதும் அவள் கேட்டாள்: “கடிகாரம் எப்படி இருக்குதுங்ணா?”

“இப்ப சரியா இருக்கும்மா” என்றேன். பொய் இல்லை பாருங்கள். எவ்வளவு சாமர்த்தியம்!

ஆய்வேட்டைக் கொடுக்கும் முன்னால் துறையில் எல்லார் முன்னாலும் பேச வேண்டும். அதற்குள், ஆன்டெனாவை மாற்றிக் கட்டிய பிறகு பதிவான கார்டும் வந்துவிட்டது. அதில் அலைகள் முந்தவில்லை. அதை அவள் மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. கடைசிப் படமாக அதைத்தான் போட்டுக் காட்டினாள். “இதற்கப்புறம் அந்தக் குறி தெரியவில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை” என்று அவளாகவே சொன்னாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். “போன வருஷம் வரை தட்டு அங்கே இருந்தது. இப்போது இல்லை. தட்டு எங்கேயம்மா போனது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அரங்கமே சிரித்தது. பிறகு, “கடிகாரத்தை யார் பார்த்தது?” என்றார்.

“எங்கள் டெக்னீஷியன் நேரில் போய்ப் பார்த்தார்.”

“நீ சரிபார்த்தாயா?”

“அவர் பார்த்ததாகச் சொன்னார், சார்.”

மறுபடி சிரிப்பு. நான் கடைசி வரிசையில், சமோசாப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் அத்தனை பேருக்கும் மேலாக என்னைப் பார்த்தாள். தமிழிலேயே கேட்டாள்: “அண்ணா, நீங்க பாத்தீங்கல்ல?”

ஒரே ஒரு வார்த்தை. எழுந்து நின்று இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அரை நொடி ஆகுமா?

“பாத்தேம்மா” என்றேன்.

அவள் அவரைப் பார்த்துத் திரும்பி, “பார்த்திருக்கிறார் சார். தவறு வேறு எங்கோ இருக்கிறது, அநேகமாக என்னுடையதாக இருக்கும்” என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் தன் தவறைத் தேடினாள். இல்லாத தவறு. குறித்ததையெல்லாம் முதலிலிருந்து குறித்தாள். தட்டுக்குள் இருக்கிற தண்ணீரால் இப்படி ஆகுமா, பாறையின் நிலை ஒரு வருஷத்தில் மாறுமா என்று என்னென்னவோ படித்தாள். துறையில் பேச்சு கிளம்பியது. முதலில் கவனக்குறைவு என்றார்கள். பிறகு, வேண்டுமென்றே எண்களை மாற்றி எழுதிவிட்டாள் என்றார்கள். முதுகில் தட்டிக்கொடுத்த அதே தலைவர் அவள் வணக்கத்துக்குப் பதில் சொல்வதை நிறுத்தினார். உதவித்தொகைக் காலம் முடிந்தது. சனிக்கிழமைகளில் வருவதும் நின்றது. என் மனைவி சாப்பாடு கொடுத்தனுப்புவாள், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆமாம், அதையும் செய்தேன். அவள் டப்பாவைத் திறக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்: “நான் பாக்கறது நெசமாலுமே அங்க இருக்குதுங்களாண்ணா? எனக்கே சந்தேகமா இருக்குதுங்ணா.” நடுக்கம் வந்தால் பயப்படாமல் எண்ணிக்கொண்டு நின்றவள் அவள்.

பட்டம் வாங்காமலேயே ஊருக்குக் கிளம்ப முடிவு செய்தாள்.

அவள் போய் வருஷங்கள் ஆன பிறகு, இந்த வருஷம் ஒரு புதுப் பையன் அதே மலைகளின் பதிவுகளை வைத்து ஆராய்ச்சி தொடங்கினான். எனக்கு ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. அவனிடம் சொல்லிவிட்டேன். அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஓ, அப்படியா அங்கிள்” என்று பத்தாவது நிலையத்தில் அந்த ஒரு வருஷப் பதிவை மட்டும் நீக்கினான். அரை மணி நேர வேலை. மீதி இருந்ததெல்லாம் அவள் கையால் குறித்தது, ஒரு எண்ணைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை என்றான். அன்று சாயங்காலம் அவள் எண்ணுக்குப் போன் செய்தேன். யாரோ ஒருவர் இந்தியில், ராங் நம்பர் என்றார்.

இவ்வளவு காலம் கழித்து ஒரு பையனிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவள் ஊருக்குப் போன அன்று, நிஜாமுதீன் ரயிலடியில், கோயமுத்தூர் வண்டிக்குள்.

ரெண்டு பெட்டி, ஒரு மூட்டைப் புத்தகம். ஏற்றி வைத்துவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். மெலிந்துபோயிருந்தாள். முந்தின ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்து, இன்றைக்குச் சொல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று முடிவு செய்து வந்திருந்தேன். சட்டைப் பையில் போன். போனில் அந்தப் போட்டோ. ஆசிரியர் சிரிக்கிறார், பின்னால் தகரம், தகரத்துக்குக் கீழே கம்பம். எடுத்து நீட்டினால் அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும்.

“ஒண்ணு சொல்லணும்மா.”

“சொல்லுங்ணா.”

“அந்த மழைத் தடவை நான் பத்தாவது ஸ்டேஷனுக்கு ஏறவே இல்லம்மா. கடிகாரத்தப் பாக்கல. பாக்காமலே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். ஆன்டெனாவுக்கு மேல தகரம் போட்டிருந்தாங்க. உன் மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என்னாலதான்.”

அவள் என்னையே பார்த்தாள். அடிப்பாள், அழுவாள், எழுந்து போ என்பாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர்.

“போங்ணா.”

“சத்தியமாம்மா.”

“என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க, எனக்குத் தெரியாதுங்களா? நான் பண்ணுன தப்ப நீங்க எதுக்குங்ணா தூக்கிச் சுமக்கறீங்க?” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்ணா. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.”

உலகத்தில் யார் என்ன சொன்னாலும் நம்பியவள். அவளிடம் நான் சொன்ன ஒரே உண்மையை நம்பவில்லை.

என் கை சட்டைப் பைக்குப் போனது. போனின் விளிம்பு விரலில் பட்டது. வெளியே விசில் ஊதினார்கள். “கெளம்புது பாருங்க, எறங்குங்ணா, அண்ணிகிட்டச் சொல்லுங்க” என்றாள். இறங்கினேன். வண்டி நகர்ந்தது. அப்போதும் நேரம் இருந்தது. கூடவே நாலு எட்டு ஓடி ஜன்னல் வழியாகப் போனை நீட்டியிருக்கலாம். கம்பிக்குள்ளிருந்து அவள் கையாட்டினாள். நானும் கையாட்டினேன். சொல்லியாயிற்று, அவள்தான் நம்பவில்லை, அதற்கு நான் என்ன செய்வேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓக்லா பக்கம் வண்டி வளைந்து மறைகிற வரைக்கும் நின்றேன்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது.